சங்கிலிக்கு உயிர் கொடுத்த ஹான்ஸ் ரெனால்ட்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

விரிஞ்சிபுரம் என்றதும் பெரியவர்கள் மதிலழகைச் சொல்வார்கள். எங்கள் ஊர்க் கோயில் மதிலைப் பற்றிய பேச்சு அவ்வளவு பழையது. அந்த மதிலுக்குள் வேறொன்றும் இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கி எண்களைப் பொறித்த ஒரு கல். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழும் இடத்தைக் கொண்டு நேரத்தை அறியலாம். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத கடிகாரம் அது. எண்ணெய் வேண்டாம், சாவி வேண்டாம், பழுது பார்க்க ஆள் வேண்டாம். சிறு வயதில் அதன் முன் நின்று, எல்லா இயந்திரங்களும் இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எண்ணியதுண்டு.

ஆனால் அசையாத கல் நேரத்தைக் காட்டுமே தவிர, ஒருவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டு செல்லாது. கொண்டு செல்லும் பொருள் அசைய வேண்டும். அசைவது தேய வேண்டும். தேய்வதை யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும். இந்த எளிய உண்மையை நான் கற்றுக்கொள்ள என் தந்தையின் வலக்கை முறிய வேண்டியிருந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் ஹான்ஸ் ரெனால்டின் கதையைச் சொல்ல என்னால் இயலாது. எனவே நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் முதலில் அதனைப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

நடந்தது

என் தந்தை ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நாள்தோறும் போக வர ஒரு பழைய நூறு சி.சி. மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் கைக்கு வரும். ஓட்டுவது என் உரிமை. கழுவி, காற்றுப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விடுவது என் கடமை. எங்கள் வீட்டில் இது எழுதாத ஒப்பந்தம். உரிமையை ஒரு வாரமும் நான் விட்டதில்லை. கடமையைத்தான் விட்டேன். செயினை மூடியிருந்த தகட்டுப் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டது. அதைக் கழற்றித் திண்ணை ஓரத்தில் போட்டவனும் நானே. பாலாற்று மணல் பறக்கும் பாதையில் அந்தச் செயின் திறந்த மேனியாக ஓடியது. ஒரு மழைக்காலம் முழுவதும் அதற்கு நான் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை.

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் பள்ளிகொண்டாவைத் தாண்டி வரும்போது, தொங்கிக் கிடந்த செயின் முன் பல்சக்கரத்தைவிட்டுத் தாவி, இடுக்கில் சிக்கிக்கொண்டது. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. நெடுஞ்சாலையில் அடுத்து வந்த வண்டி சற்று விலகிச் சென்றதால் எங்கள் குடும்பம் பிழைத்தது. தந்தைக்கு வலக்கை முறிந்தது. மூன்று மாதம் சம்பளம் இல்லை. அவர் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வண்டியைச் செதுவாலைக் கூட்டுரோட்டில் இருக்கும் மெக்கானிக் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் அறுந்து போகாமல் கழன்று வந்த அந்தச் செயினை எடுத்தார். பக்கத்தில் புதுச் செயின் ஒன்றைத் தொங்கவிட்டார். இரண்டிலும் கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் எங்களுடையது ஒரு விரல் அகலத்திற்கும் மேல் நீண்டு தொங்கியது. இரும்பு எப்படி நீளும் என்று கேட்டேன். இரும்பு நீளவில்லை தம்பி, உள்ளே தேய்ந்திருக்கிறது என்றார். எந்த இடத்தில் தேய்ந்தது என்று காட்டச் சொன்னேன். எல்லா இடத்திலும் என்றார்.

அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் துறைப் பேராசிரியரிடம் சென்றேன். அவர் செயினின் உள்ளமைப்பை விளக்கியதோடு, அதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் யாரென்று தேடிப் படிக்கும்படி பணித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் இக்கட்டுரையின் நாயகர்.

பிறப்பும் இளமையும்

ஹான்ஸ் ரெனால்ட் 1852-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் ஆராவ் நகரில் பிறந்தார். மலையும் ஆறும் சூழ்ந்த அந்நாடு நுண்ணிய கைவேலைக்குப் பெயர் பெற்றது. சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்விச்சாலையில் அவர் பயின்றார். பின்பு, 1873-இல், இருபத்தோராம் வயதில் இங்கிலாந்துக்குச் சென்று மான்செஸ்டர் நகரில் குடியேறினார். இயந்திரங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் வணிக நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது.

அந்நாளில் மான்செஸ்டர் என்றால் பருத்தி. பருத்தி என்றால் மான்செஸ்டர். நம் நாட்டுப் பஞ்சும் கப்பலேறி அங்கே போய்த் துணியாகித் திரும்பிய காலம் அது. ஆலைகளிலே ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழன்றன. அவற்றைச் சுழற்றும் விசையை நீராவி எந்திரத்திலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதே அன்றைய பொறியியலின் பெருங்கேள்வி.

இந்தக் கேள்விக்கு அன்றைய பெரும்பான்மை விடை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்நியமானதன்று. தோல் வார்தான் அது. என் பாட்டனார் இளமையில் வாணியம்பாடியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். கூரைக்கடியில் நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோல் வார்கள் இறங்கித் தோல் ஊறும் பெரிய மரப் பீப்பாய்களைச் சுழற்றும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மழைக் காலத்தில் வார் ஈரம் குடித்துத் தளரும், வழுக்கும், நழுவி விழும். பிடிப்புக்காகக் குங்கிலியப் பொடி போன்றதைத் தூவுவார்களாம். இவ்வளவு நீள வாரில் இத்தனை சுற்றுக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு ஒருபோதும் சரியாக நிற்காது. வழுக்கும் வாருக்குக் கணக்குத் தெரியாது. பல்லில் பதிந்து வரும் சங்கிலிக்குத்தான் கணக்குத் தெரியும்.

முந்நூறு பவுனுக்கு ஒரு பட்டறை

சங்கிலி புதியதன்று. சீனத்தில் சூ சோங் என்பவர் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய கடிகாரக் கோபுரத்தில் சங்கிலி விசையைக் கடத்தியது. லியனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில் சங்கிலி வரைபடங்கள் உள்ளன. 1864-இல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு நகரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் உருளை வைத்த சங்கிலிக்கு உரிமம் பெற்று, நெசவு இயந்திரங்களுக்காகச் செய்து விற்றுவந்தார். பல்லின்மேல் உரசாமல் உருண்டு உட்காரும் உருளை அவர் தந்த நல்ல யோசனை. ஆனால் ஒரு குறை இருந்தது. கண்ணியின் பக்கத் தகடுகள் மெல்லியவை. அவற்றின் துளைகளில் ஆணி நேரடியாக உராய்ந்தது. இழுவை முழுவதும் அந்த மெல்லிய விளிம்பில் விழுந்ததால் ஆணியும் துளையும் விரைவிலே தேய்ந்தன. சங்கிலி நீண்டது, பல்லைவிட்டுத் தாவியது. என் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு நேர்ந்தது சால்ஃபோர்டு நெசவுப் பொறிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நேர்ந்திருக்கிறது.

1879-இல் ஸ்லேட்டரின் சிறு பட்டறை விலைக்கு வந்தது. ரெனால்ட் அதை முந்நூறு பவுனுக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 27. நம் கோவை ஜி.டி. நாயுடு அவர்களும் இளமையில் உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த முந்நூறு ரூபாய்க்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டுப் பூட்டித்தான் பொறியியலைக் கற்றார் என்பது நாம் அறிந்ததே. இருவரும் வாங்கியது பழைய பொருள். இருவரும் கேட்ட கேள்வி ஒன்று: இது ஏன் இப்படி இருக்கிறது?

அடுத்த ஆண்டே, 1880-இல், ரெனால்டுக்கு விடை கிடைத்தது. ஒரு சிறு குழாய். ஆங்கிலத்தில் புஷ் என்பார்கள். உள்தகடுகள் இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு குழாயை இறுக்கிப் பொருத்தினார். ஆணி இந்தக் குழாய்க்குள் திரும்பும். உருளை இந்தக் குழாய்க்கு வெளியே திரும்பும். இப்போது இழுவை மெல்லிய தகட்டின் விளிம்பில் விழவில்லை. குழாயின் முழு நீளத்திலும் பரவி விழுந்தது. அதே சுமை, அதே உலோகம். தாங்கும் பரப்பு மட்டும் பல மடங்கு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று நாம் உயர்நிலைப் பள்ளியில் படித்த அந்த வாய்பாடுதான் இது. ஆணிக் கட்டிலில் படுப்பவரைக் குத்தாமல் காப்பதும், ஒட்டகத்தை மணலில் புதையாமல் நடக்க வைப்பதும் அதே தத்துவம்.

இன்று உங்கள் மிதிவண்டியின் சங்கிலியை எடுத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். ஆலைகளிலும் அறுவடை இயந்திரங்களிலும் பாருங்கள். பொருள் மேம்பட்டிருக்கிறது, அளவு மாறியிருக்கிறது. ஆனால் தகடு, ஆணி, குழாய், உருளை என்ற அந்த அமைப்பு 1880-இல் ரெனால்ட் வைத்த இடத்திலேயே பெரும்பாலும் இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பு நூற்றாண்டைத் தாண்டியும் திருத்தப்படாமல் நிற்பது எளிய செயலன்று.

இரு சக்கர யுகம்

நல்ல காலம் ரெனால்டைத் தேடி வந்தது. அக்காலத்து மிதிவண்டிக்கு முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும். மிதிகட்டை நேராக அந்தச் சக்கரத்தில் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். ஒரு மிதிக்கு ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டும். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் என்னும் பாதுகாப்பு மிதிவண்டியை வெளியிட்டார். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு; நடுவில் மிதிகட்டை; அங்கிருந்து பின் சக்கரத்துக்குச் சங்கிலி. முன்னே பெரிய பல்சக்கரம், பின்னே சிறியது. ஒரு மிதிக்கு இரண்டு மூன்று சுற்று. சங்கிலி வந்ததனால் சக்கரம் சிறுத்தது. சக்கரம் சிறுத்ததனால் சாதாரண மனிதரும் சைக்கிள் ஏறினர். சைக்கிள் பெருகப் பெருகச் சங்கிலித் தொழில் பெருகிற்று.

மோட்டார் சைக்கிள் பிறந்தபோது முதலில் அது தோல் வாரையும் ரப்பர் வாரையுமே நம்பியது. மழையில் வழுக்கும் அதே வார். முதல் உலகப் போரில் சென்ற புகழ்பெற்ற ட்ரையம்ஃப் வண்டியில்கூட எந்திரத்திலிருந்து கியர்ப் பெட்டிக்குச் சங்கிலி, அங்கிருந்து சக்கரத்துக்கு வார் என்ற பாதி மாற்றமே இருந்தது. பின்னர் வார் விடைபெற்றது, சங்கிலி நிலைத்தது. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது எந்திரத்தின் விசையை விசிறிகளுக்குக் கொண்டு போனதும் சங்கிலிகளே. அவை அமெரிக்காவின் டைமண்ட் செயின் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. அந்த நிறுவனத்தின் ஒத்துழைப்போடுதான் 1960-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயின் தொழிற்சாலை எழுந்தது என்பதும் நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

1895-இல் ரெனால்ட் ஓசையற்ற சங்கிலி ஒன்றையும் உருவாக்கினார். தலைகீழ்ப் பற்கள் கொண்ட தகடுகளை அடுக்கிச் செய்யப்பட்ட அது, வேகமாகச் சுழலும் பொறிகளில் சத்தமின்றி ஓடியது.

தொழிலாளரும் முதலாளியும்

ரெனால்டின் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி சங்கிலியைப் பற்றியதன்று. 1896-இல் தம் தொழிற்சாலையில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று அவர் வகுத்தார். அதைவிட நீண்ட வாரமே பொறியியல் ஆலைகளில் வழக்கமாக இருந்த காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே தொழிலாளர் உண்பதற்கு உணவுக்கூடம் அமைத்தார். அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் வகுத்த வேலை ஒழுங்கு முறையைப் பிரிட்டனில் முதன்முதலில் எடுத்துக்கொண்டோரில் அவரும் ஒருவர். அவருடைய மகன் சார்லஸ் ரெனால்ட், தொழிலாளர் குழுக்களோடு பேசி ஆலையை நடத்தும் முறையை வளர்த்து, பின்னாளில் பிரிட்டிஷ் நிர்வாகவியல் கழகத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார்.

இது அருளா, கணக்கா என்று கேட்கலாம். இரண்டும் என்றே நான் எண்ணுகிறேன். சுமை மெல்லிய விளிம்பில் விழுந்தால் எது தேயும் என்று அறிந்தவர் அவர். ஆணிக்கும் துளைக்கும் நடுவே குழாயை வைத்தவர், மனிதருக்கும் வேலைக்கும் நடுவே சற்று ஓய்வையும் ஒரு வேளைச் சூடான உணவையும் வைத்தார். நாள் முழுதும் நின்று வேலை செய்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் தந்தைக்கு மகனாகப் பிறந்தவன் நான். இதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

1930-இல் அவரது நிறுவனம் கவன்ட்ரி செயின் நிறுவனத்தோடு இணைந்து மேலும் வளர்ந்தது. 1943-ஆம் ஆண்டு மே மாதம், தொண்ணூறாம் வயதில், ரெனால்ட் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2008-இல் கோவையின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து தமிழ்நாட்டிலும் கால் ஊன்றியது. பஞ்சை ஏற்றி அனுப்பிய மண்ணுக்குச் சங்கிலி வந்து சேர்ந்தது எனலாம்.

சங்கிலியா, தண்டா?

இந்த வரலாற்றை நான் வகுப்பறையில் சொன்னபோது நண்பன் ஒருவன் எழுந்து நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டான். சங்கிலியே இல்லாமல் சுழலும் தண்டால் சக்கரத்தை ஓட்டும் மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றனவே. அப்படியொன்று உன் தந்தையிடம் இருந்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டாரே என்றான். அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. விடை காண நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

தண்டு முறையும் பழையதே. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தண்டு வைத்த நான்கு உருளை வண்டியைச் செய்தது. 1923-இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32 அந்த முறைக்குப் பெரும் புகழ் தந்தது. தண்டும் கோணப் பல்சக்கரங்களும் மூடிய உறைக்குள் எண்ணெயில் ஓடுகின்றன. மழை இல்லை, மணல் இல்லை. பல்லாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றினால் போதும். உடையில் கறை படாது. தொலைதூரம் போகிறவர்களுக்கு அது பெரும் வரம்.

ஆனால் வரம் இலவசமாக வருவதில்லை. தண்டின் சுழற்சியைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்ற அதைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் விசை வெப்பமாகப் போய்விடுகிறது. நல்ல நிலையிலுள்ள சங்கிலியோ கொடுத்த விசையில் நூற்றுக்கு 97, 98 பங்கைச் சக்கரத்தில் சேர்க்கிறது. தண்டு கனமானது, அந்தக் கனம் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிறது. வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் வண்டியின் பின்புறம் எழுந்து தாழும் இயல்பைத் தடுக்கத் தனியே வழி செய்ய வேண்டும். விலை அதிகம். பழுதானால் செதுவாலைக் கூட்டுரோட்டில் சரி செய்ய முடியாது. சங்கிலி வண்டியிலோ ஒரு பல்சக்கரத்தை மாற்றினாலே இழுவையைக் கூட்டலாம், வேகத்தைக் கூட்டலாம்.

ஒரு சுவையான செய்தி. இத்தாலியின் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் தொடக்கத்தில் தண்டு வைத்தே ஓடியது. 1950-களின் பிற்பகுதியில் வந்த புதிய வகைகளில் அதே நிறுவனம் தண்டைக் கைவிட்டு, மூடிய உறைக்குள் எண்ணெயில் ஓடும் இரட்டைச் சங்கிலிக்கு மாறியது. நம் நாட்டில் ஓடிய விஜய் சூப்பரும் அந்த வழி வந்ததே. ஆகவே சங்கிலி பழமை, தண்டு புதுமை என்று எண்ணுவது பிழை. சங்கிலியின் பகை மணலும் ஈரமும் மறதியுமே. மணலையும் ஈரத்தையும் உறை தடுக்கும். அந்த உறையைக் கழற்றித் திண்ணையில் போட்டவன் யார் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். தண்டு வண்டி என் தந்தையைக் காப்பாற்றியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலையில் வண்டி வாங்க எங்கள் வீட்டில் பணமில்லை. வாரத்துக்குக் கால் மணி நேரம் என்னிடம் இருந்தது.

மயிரிழைக் கணக்கு

எல்லா இடத்திலும் தேய்ந்திருக்கிறது என்று பாய் சொன்னதை இப்போது கணக்காகக் காட்டுகிறேன். எங்கள் வண்டியின் சங்கிலியில் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். எளிமைக்காக நூறு கண்ணிகள் என்று கொள்வோம். மொத்த நீளம் 1,270 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் குழாயும் சேர்ந்து 0.127 மில்லிமீட்டர் மட்டும் தேய்கின்றன என்று வையுங்கள். தலைமயிர் ஒன்றின் பருமனைவிடச் சற்றே அதிகம், கண்ணுக்குத் தெரியாது. நூறு மூட்டுகளிலும் அதைக் கூட்டினால் 12.7 மில்லிமீட்டர். ஒரு முழுக் கண்ணி நீளம்! எவரும் சேர்க்காத ஒரு கண்ணி அங்கே தானாக முளைத்துவிட்டது.

தேய்வு எங்கிருந்து வருகிறது? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், முன் 14 பல்லும் பின் 42 பல்லும் கொண்ட வண்டியில், இந்தச் சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை முழுச் சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் இரண்டு முறை வளைந்து இரண்டு முறை நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் பதினோராயிரம் சுற்றுகளுக்கு மேல் ஆகின்றன. அத்தனை முறையும் ஆணிக்கும் குழாய்க்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருந்தால் அது வழுக்கல். எண்ணெய்க்குப் பதில் பாலாற்று மணல் இருந்தால் அது அரம்.

ஆகவே பராமரிப்பு என்பது இதுதான். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த மறுநாளும் செயினைப் பாருங்கள். எந்திரத்தை நிறுத்திவிட்டு, நடு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எந்திரம் ஓடும்போது செயினைத் தொட்டு விரலை இழந்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் அழுக்கைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பெட்ரோல் வேண்டாம்; அது தீயை அழைக்கும், ரப்பர் வளையம் வைத்த செயினில் வளையத்தையும் கெடுக்கும். பிறகு கியர் எண்ணெயைச் செயினின் உட்பக்கமாக, தகடுகளின் இடுக்கில் விடுங்கள். எண்ணெய் வேண்டியது வெளியே மினுக்குவதற்கன்று. ஆணிக்கும் குழாய்க்கும் நடுவில் போய்ச் சேர்வதற்கு. மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். இல்லையேல் அதுவே மணலை ஒட்டி வைக்கும்.

கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சிறிய வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேடு சொல்லும். செயின் ஒரே சீராகத் தேயாது. ஆதலால் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். தளர்வு எவ்வளவு தீதோ, இறுக்கமும் அவ்வளவு தீது. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது செயினுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். இணைப்புக் கண்ணியில் உள்ள கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். இருபது கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தால் புதுச் செயினில் 254 மில்லிமீட்டர். அது 259-ஐ நெருங்கினால் நூற்றுக்கு இரண்டு நீண்டுவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே மாற்றிவிடுவது நன்று. மாற்றும்போது இரு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கொக்கிபோல் வளைந்த பழைய பல், புதுச் செயினையும் விரைவில் பழையதாக்கிவிடும்.

முடிவாக

சங்கிலியின் வலிமை அதன் பலவீனமான கண்ணியில் இருக்கிறது என்று சொல்வார்கள். அறுந்த சங்கிலிக்கு அது பொருந்தலாம். எங்கள் செயின் அறுக்கவில்லை. அதில் குற்றவாளிக் கண்ணி என்று ஒன்றைச் சுட்ட முடியாது. நூறு கண்ணியும் ஆளுக்கு ஒரு மயிரிழை தேய்ந்திருந்தன. நான் எந்த ஞாயிற்றுக்கிழமையில் தவறு செய்தேன் என்று கேட்டால் அதற்கும் விடை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மயிரிழை.

தேயாத சங்கிலியை ஹான்ஸ் ரெனால்ட் செய்யவில்லை. தேய்வை மெதுவாக்கி, அதைக் கவனிக்க நமக்கு நாள் வாங்கிக் கொடுத்தார். அந்த நாளை என்ன செய்கிறோம் என்பது நம் பொறுப்பு. பெரியோர் வாழ்க்கையைப் படிப்பதன் பயன் அவர்களைப் புகழ்வதோடு முடிந்துவிடக் கூடாது என்றே கருதுகிறேன்.

எங்கள் ஊர் இறைவனுக்கு வழித்துணை நாதர் என்று பெயர். தை மாதம் கட்டுப் பிரித்தபின் என் தந்தை முதல் நாள் வேலைக்குப் புறப்படுமுன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு குனிந்து, பிடிப்புக் குறைந்த அந்த வலக்கை விரலால் செயினைத் தள்ளிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்தார். திண்ணையில் கிடந்த தகட்டுப் பெட்டியை, தளர்ந்த இடங்களில் ரப்பர் துண்டு வைத்து, நான் அதற்கு முந்தைய ஞாயிறே பூட்டியிருந்தேன். இப்போது அது சத்தம் போடுவதில்லை.